இணுவில் முந்திரிகைத் தோட்டத்தில் ஏழு நாட்கள்

கொழும்பு மாநகரிலே பேஸ்லைன் வீதியும் ஹைலெவல் வீதியும் சந்திக்கும் இடத்தை ஒட்டியுள்ளது கிருலப்பனை. ஒரு பக்கம் களனிப் பள்ளத்தாக்குப் புகையிரதப் பாதை. மற்றொரு பக்கம் அசைவற்றுக் கிடக்கும் கால்வாய். இடையே 138ஆம் இலக்க பஸ் வண்டிகளின் ஓயாத இரைச்சல். இங்கே மாடி வீடுகளிற் குடியிருக்கும் எம்போன்றோருக்கு மண் என்பது பூச்சாடியிலே காணும் பொருள். பழம் என்பது சந்தைப் பெட்டியிலே காணும் பொருள்.

சென்ற ஆவணி விடுமுறைக்குச் சில நாட்களின் முன்னர், எமது பதினொரு வயது மகளுடன் கிருலப்பனைச் சந்தைக்குச் சென்றிருந்தோம். அவுஸ்திரேலியாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வந்த பெரிய பழங்களின் நடுவே, ஒரு சிறு பெட்டியிற் கருநீல நிறமான சின்னஞ்சிறு பழங்கள் இருந்தன. “யாழ்ப்பாணத்துப் பழம் ஐயா” என்றார் கடைக்காரர். மகள் ஒன்றை வாயிலிட்டாள். புளிப்பிலே முகஞ் சுளித்தாள். உடனே வந்த இனிப்பிலே சிரித்தாள். “அப்பா, இது மரத்திலையோ காய்க்கிறது?” என்று கேட்டாள்.

அக்கேள்வி எம்மை நாணச் செய்தது. நாம் பிறந்து வளர்ந்ததே ஒரு முந்திரிகைத் தோட்டத்தில்; எமது மகளோ முந்திரிகைக் கொடியைக் கண்டிலள். விடுமுறை தொடங்கியதும் குடும்பத்தோடு இணுவிலுக்குப் புறப்படுவது என்று அன்றே முடிவாயிற்று.

முந்திரிகை என்ற சொல்லைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை கூறவேண்டும். தமிழகத்தார் திராட்சை என்னும் பழத்தையே யாழ்ப்பாணத்தார் முந்திரிகை என்பர். தமிழகத்தாரின் முந்திரி எமக்கு மரமுந்திரிகை. கொழும்புக் கடைகளில் அதற்குப் பெயர் கஜு. இந்தப் பெயர் மாறாட்டத்தால் விருந்தினர் வீட்டிலே ஒன்றைக் கேட்டு மற்றொன்றைப் பெற்றவர்கள் பலர்.

பாமன்கடை வழியாக வெள்ளவத்தைக்குச் சென்று, அங்கிருந்து இரவு பஸ்ஸில் ஏறினோம். நீர்கொழும்பு, சிலாபம், புத்தளம் ஆகியவை உறக்கத்திலே கழிந்தன. அநுராதபுரம் தாண்டி, வவுனியாவிலே தேநீர் அருந்தினோம். ஆனையிறவிற் பொழுது புலர்ந்தது. இருமருங்கும் உப்புநீர்ப் பரப்பு வெள்ளித் தகடு போல விரிய, மகள் யன்னலை விட்டு முகத்தை எடுக்கவில்லை. சாவகச்சேரி கடந்து நாவற்குழிப் பாலம் வந்தது. நாம் வழக்கம்போலக் கண்களை மூடிக்கொண்டோம். அந்தப் பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் அவ்வாறு செய்வது எமக்குப் பழக்கம். காரணத்தை மகளுக்கு நாம் சொன்னதில்லை.

இணுவில், யாழ்ப்பாண நகரிலிருந்து காங்கேசன்துறை வீதியாற் செல்லும்போது வரும் செம்மண் ஊர். கந்தசுவாமி கோயிலும் அதன் பெரிய மஞ்சமும் பேர்பெற்றவை. தவில் மேதை தட்சிணாமூர்த்தியைத் தந்த ஊரும் இதுவே. யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. மாரியிற் பெய்யும் மழையைச் சுண்ணக்கற் பாறை தன்னுட் சேமித்து வைக்க, அதனைக் கிணற்றால் இறைத்தே எம்மூரார் பயிர் செய்வர். முன்னாளிலே துலாவேறி மிதித்தனர். இப்பொழுது இயந்திரம் இறைக்கின்றது. மண் அதே மண். கிணறும் அதே கிணறு.

அக்காவும் அத்தானும் வைத்திருப்பது நான்கு பரப்பு, அதாவது கால் ஏக்கர் தோட்டம். கிளுவை வேலி, மூங்கிற் படலை, உள்ளே ஆளுயரத்துக்கு மேலே தூண்களும் கம்பிகளும் கொண்டு அமைத்த பந்தல். வெளியிலே கண் கூசும் வெயில். பந்தலின் கீழோ பச்சை நிழல். அந்த நிழலின் கூரையிலிருந்து நூற்றுக்கணக்கான கருநீலக் குலைகள் தொங்கின. மகள் வாய்பிளந்து நின்றாள்.

அவளை முதலில் வரவேற்றவன் மணி. செந்நிற உடம்பும் வெண்கழுத்தும் உடைய நாட்டு நாய், வயது பதின்மூன்று. எழுந்து வருவதற்கு அவனுக்குச் சற்று நேரம் பிடித்தது. ஆயினும் வந்தான். மகளின் கையை முகர்ந்தான். பிறகு பந்தலின் மூன்றாம் வரிசைத் தூணடியிலே, தானே பறித்து வைத்திருந்த குழியிற் போய்ப் படுத்துக்கொண்டான்.

“மாமி, இவனுக்கு என்னென்ன சொல்லுத் தெரியும்?” என்று மகள் கேட்டாள்.

“‘வா’ எண்டால் வருவான், குஞ்சு. வேறை ஒண்டும் நாங்கள் பழக்கேல்லை” என்றாள் அக்கா. அப்படிக் கூறும்போது அவள் எம்மைப் பார்க்கவில்லை. நாமும் அவளைப் பார்க்கவில்லை.

தோட்டத்து நாள் விடியுமுன்பே தொடங்கும். நான்கரை மணிக்கு அத்தான் எழுந்து இயந்திரத்தை இயக்குவார். வாய்க்காலிலே நீர் ஓடும் ஓசை கேட்டு அக்கா அடுப்பை மூட்டுவாள். மருமகன் மண்வெட்டியோடு நின்று ஒவ்வொரு பாத்திக்கும் நீரைத் திருப்புவான். ஏழு மணிக்குப் புட்டும் சம்பலும். பின்பு களை பிடுங்கல், கொடி கட்டல், நோய்பட்ட இலை ஆய்தல். மதியத்துக்குப் பின் ஆட்டெரு சுமத்தல். மாலையிலே விழுந்த பழங்களைப் பொறுக்குதல். இது வீட்டுப் பிள்ளைகளின் வேலை. எமது மகளும் ஒரு பனையோலைப் பெட்டியுடன் அவர்களோடு சேர்ந்துகொண்டாள்.

விழுந்த பழத்தை ஏன் அவ்வளவு கவனமாகப் பொறுக்கவேண்டும் என்று அவள் கேட்டாள். எறும்பும் குளவியும் சேரும் என்பது ஒரு காரணம். மற்றது மணி. முந்திரிகைப் பழமும் அதன் வற்றலும் நாய்களின் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியவை. இன்ன அளவு தின்றால் ஆபத்தில்லை என்று வரையறுத்துச் சொல்லவும் இயலாது. ஆகவே வீட்டில் நாய் வளர்ப்போர் இப்பழத்தை அதற்கு ஊட்டலாகாது. பதின்மூன்று ஆண்டுகளாக அந்த வீட்டுப் பிள்ளைகள் ஒரு மாலையும் தவறாமற் பழம் பொறுக்கி வந்திருக்கின்றனர்.

கொடியின் வாழ்க்கையும் விந்தையானது. குளிர்நாடுகளிலே முந்திரிகை இலையுதிர்த்து மாரி முழுதும் உறங்கும். இளவேனிலிற் கண்விழித்துப் பூக்கும். எமது நாட்டிலோ அதற்கு உறக்கம் கிடையாது. ஆதலால் உழவனே கத்தரிக்கோலால் அதற்கு ஒரு பொய்மாரியை உண்டாக்குகிறான். கிளைகளைக் குறுக வெட்டி இலைகளை உருவிவிடுவான். வெட்டுவாயிலிருந்து துளித்துளியாக நீர் சொட்டும். அதனை அத்தான் “கொடியின் கண்ணீர்” என்பார். சில நாட்களிற் புதுத் தளிர் வரும்; தளிரோடு பூங்கொத்து வரும்; ஏறக்குறைய நான்கு மாதத்திலே பழம் பழுக்கும். சித்திரையிற் கத்தரித்த கொடிதான் அந்த ஆவணியிலே பழுத்திருந்தது.

இவ்வாறு பந்தலிட்டுச் சிறுதோட்டமாக முந்திரிகை வளர்க்கும் வழக்கம் தமிழகத்திலே கம்பம் பள்ளத்தாக்கிலும் சிறந்து விளங்குகின்றது. அந்நாட்டுக்கு அப்பயிரை 1832இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் கொணர்ந்தார் என்பர். கம்பம் பன்னீர்த் திராட்சைக்கு 2023இற் புவிசார் குறியீடும் கிடைத்தது. எமது செம்மண்ணிலே பெரிதும் பயிராவது இஸ்ரேல் புளூ என்னும் இனம்.

கொடிக்குப் பெரும் பகை பூஞ்சணம். அதற்குத் தெளிக்கும் போர்டோக் கலவையின் கதையை அத்தான் பிள்ளைகளுக்குச் சொல்வதுண்டு. பிரான்சு தேசத்திலே போர்டோ நகரின் அயலில், வழிப்போக்கர் பழம் பறியாதிருக்கும்பொருட்டு வீதியோரக் கொடிகளுக்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளித்து வைத்தனர். அந்தக் கொடிகளை மாத்திரம் நோய் அணுகாமையைக் கண்டு மில்லார்டே என்னும் பேராசிரியர் ஆராய்ந்தார். 1885இல் அதனை உலகுக்கு அறிவித்தார். திருடருக்கு இட்ட வேலி நோய்க்கு மருந்தாயிற்று.

அணிலுக்கும் கிளிக்கும் வௌவாலுக்கும் மருந்து ஏது? வலை ஒன்று, நாய் மற்றொன்று. மணி இளமையிலே ஓரணிலையும் தூண் ஏற விடமாட்டானாம். முதுமையிலே காதும் கண்ணும் மங்கியபின்பும், இரவில் இருமுறை எழுந்து வேலியோரமாக ஒரு சுற்று வருவதை அவன் விடவில்லை. அவன் காலடிக்கு எந்த வௌவாலும் அஞ்சியிராது. ஆயினும், “அவன் சுத்தி வந்து படுத்தால்தான் எனக்கு நித்திரை வரும்” என்றார் அத்தான்.

நாம் போன ஐந்தாம் நாள் மணி சோற்றைத் தொடவில்லை. அக்கா பாலில் விரல் நனைத்து வாயருகே வைத்தாள், நக்கினான், அவ்வளவுதான். மிருக வைத்தியர் வந்து பார்த்தார். அவர் அதிகம் பேசவில்லை. “வயது போய்விட்டது. நோகாமல் இருக்க ஊசி போடுகிறேன். பக்கத்திலே ஆள் இருங்கள்” என்றார். அன்றிரவும் மறுநாள் இரவும் மாறி மாறி ஒருவர் தூணடியில் இருந்தோம். மகளை உறங்கச் சொன்னோம், அவள் கேட்கவில்லை. பாயைக் கொண்டுவந்து பந்தலின் கீழே போட்டுக்கொண்டாள்.

ஏழாம் நாள் விடியற்காலை பழம் வெட்டும் நாள். மருதனார்மடத்திலிருந்து வியாபாரியின் சிறு லொறி ஆறு மணிக்கு வரும் என்று ஏற்பாடு. ஐந்து மணியளவில் அக்கா, “மணி, வா” என்று மெல்ல அழைத்தாள். அவன் வால் மண்ணிலே ஒரு முறை அசைந்தது. சற்று நேரத்தின் பின் மூச்சு நின்றது.

லொறி வந்தது. அத்தான் வியாபாரியிடம், “கொஞ்சம் இருங்கோ தம்பி, ஒரு வேலை இருக்கு” என்று மாத்திரம் சொன்னார். வந்தவர் நிலைமையைக் கண்டு, படலையடியிலே பேசாமற் குந்தியிருந்தார். கிணற்றடி வேலியோரம் அத்தானும் மருமகனும் குழி வெட்டினார்கள். அங்கே பழைய மேடுகள் சில இருந்தன. மகள் அவற்றைப் பார்த்தாள்.

“மாமி, முந்தியிருந்த நாய்கள் எல்லாம் இதிலையோ?”

“ஓம், குஞ்சு” என்றாள் அக்கா. சற்றே தயங்கினாள். “ஒண்டு மட்டும் இல்லை.”

அப்பொழுது அவள் எம்மை நோக்கினாள். முப்பது ஆண்டுகளாக நாம் இருவரும் பேசாதிருந்த விஷயத்தை, மண்வெட்டியின் ஓசையினிடையே, மகளுக்கு நாம் சொன்னோம்.

அவன் பெயர் வீமன். நிறையத் தின்பான் என்பதனால் எமது தந்தையார் இட்ட பெயர். இதே நிலத்திலே தந்தையாரின் முந்திரிகைத் தோட்டம் இருந்தது. அணிலைக் கண்டால், “தோட்டம்!” என்று நாம் ஒரு சொற் சொல்வோம், எங்கிருந்தாலும் வீமன் பந்தலின் கீழே பாய்ந்து சென்று காவல் நிற்பான். அந்தச் சொல்லை அவனுக்குப் பழக்கியவர் நாமே. அப்போது எமக்கு வயது பதினைந்து.

1995ஆம் ஆண்டு ஐப்பசி மாதம், ஒக்டோபர் 30ஆம் நாள், யுத்தம் நெருங்கியபடியால் வலிகாமத்து மக்கள் அனைவரும் வீடுவாசலை விட்டுத் தென்மராட்சிக்குப் போகுமாறு ஒலிபெருக்கியில் அறிவித்தனர். லட்சக்கணக்கானோர் ஒரே இரவிலே தெருவுக்கு வந்தனர். மழையும் பெய்தது. மிதிவண்டியிலே இரு மூட்டை, கையிலே ஒரு பெட்டி. அதற்குமேற் கொண்டுபோக இடமில்லை. அந்த நெரிசலிலே நாயைக் கொண்டுபோக முடியாது என்றார் தந்தையார். “நாலு நாளிலை வந்திடுவம்” என்றார். அப்படித்தான் எல்லாருஞ் சொன்னார்கள். ஒரு பானைச் சோறும் ஒரு வாளித் தண்ணீரும் வைத்தோம். சங்கிலியைக் கழற்றினோம்.

வீமன் எம்மோடு படலைக்கு வந்துவிட்டான். துரத்தினோம், போகவில்லை. தெருவிலே சனம் நகர்ந்துகொண்டிருந்தது. தந்தையார் எம்மைப் பார்த்தார். நாம், “தோட்டம்!” என்றோம்.

அவன் உடனே திரும்பிப் பந்தலை நோக்கி ஓடினான். நாம் படலையைச் சாத்திக்கொண்டு நடந்தோம்.

மிதிவண்டியில் ஒரு மணித்தியாலத்திற் செல்லக்கூடிய தூரம். நாவற்குழிப் பாலத்தைக் கடந்து முடிக்க மறுநாள் மத்தியானம் ஆயிற்று. நாலு நாள் ஆறு மாதம் ஆயிற்று. 1996 சித்திரையிலே திரும்பி வந்தோம். நீரின்றிக் கொடிகள் எல்லாம் சுள்ளியாகிக் கிடந்தன. பானை உருண்டு கிடந்தது. மூன்றாம் வரிசைத் தூணடியிலே, மண்ணில் ஆழமான ஒரு குழி இருந்தது. நாம் விட்டுச் சென்ற காலத்தில் இருந்ததிலும் மிக ஆழமான குழி. வீமன் இல்லை. அயலெல்லாம் கேட்டோம். கண்டவர் ஒருவரும் இல்லை. கொடியைப் புதுத் தண்டு நட்டு மீட்டுக்கொள்ளலாம். அத்தான் பின்னாளில் அப்படித்தான் மீட்டார். நாய்க்கு அவ்வாறு தண்டு இல்லை. அதன் பின்பு இந்த வீட்டில் வளர்ந்த எந்த நாய்க்கும் “வா” என்பதன்றி வேறு சொற் பழக்க அக்கா ஒருப்படவில்லை.

மகள் நெடுநேரம் பேசாமல் நின்றாள். பிறகு கேட்டாள்: “அப்பா, அது கடைசி வரைக்கும் தோட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டு இருந்திருக்குமோ?”

எம்மிடம் மறுமொழி இருக்கவில்லை.

தருமபுத்திரர் தம்மைத் தொடர்ந்து வந்த நாயை விட்டுச் சுவர்க்கம் புக மறுத்த கதையை வகுப்புகளில் எத்தனையோ முறை நாம் கூறியிருக்கிறோம். அவருக்கு முன்னே சுவர்க்கத்து வாயில் இருந்தது. எமக்கு முன்னே நாவற்குழிப் பாலம் இருந்தது. உயிர்தப்ப ஓடியவரைக் குறைகூற யாரும் இலர். எமது தந்தையாரும் கொடியவர் அல்லர். உலகிலே வேறிடங்களிலும் இது நடந்துள்ளது. 1986இற் செர்னோபில் அணு உலை வெடித்தபோது, மூன்று நாளிலே திரும்பலாம் என்று நம்பி மக்கள் நாய்களை விட்டுப் போயினர், ஒருபோதும் திரும்பவில்லை. அந்நாய்களின் வழித்தோன்றல்கள் அங்கே வாழ்கின்றன. அவற்றுள் 302 நாய்களின் மரபணுக்களை ஆராய்ந்து 2023இல் விஞ்ஞானிகள் வெளியிட்டனர். விட்டுச் சென்றமைக்காக அன்று எம்மை யாரும் கடிந்திலர். ஆனால் எம்மை முப்பது ஆண்டு வருத்தியது விட்டுச் சென்றமை அன்று. ஏன் என்று கேட்க வாயில்லாத ஓர் உயிரை, அது எம்மிடம் வைத்த நம்பிக்கையைக் கொண்டே ஏமாற்றியமை. அடித்துத் துரத்தியிருந்தால் அது எமது கொடுமையை அறிந்து தன் வழி போயிருக்கும்.

மணியைக் குழியில் வைத்தார்கள். அக்கா ஒரு குலை வாடாத முந்திரிகை இலையைப் பரப்பினாள். “இவனுக்கெண்டாலும் பக்கத்திலை இருந்தம், தம்பி” என்றாள். மண் மூடிய பின்னர் எல்லாரும் கைகால் கழுவிக்கொண்டு கத்தரிக்கோலை எடுத்தோம். பழுத்த பழம் யாருடைய துக்கத்துக்கும் காத்திருக்காது. குலையைக் காம்பிற் பிடித்து வெட்டவேண்டும். பழத்தைத் தொட்டால் அதன்மேலுள்ள வெண்மாப் படலம் அழிந்து விலை குறையும் என்று மருமகன் மகளுக்குக் காட்டிக்கொடுத்தான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, காம்பைப் பிடித்து, ஒவ்வொன்றாக வெட்டினாள். பத்து மணிக்கு லொறி நிறைந்தது. மத்தியானம் அக்கா சோறு வடித்தபோது ஒரு பிடி மிஞ்சியது. அதை அவள் காக்கைக்கு வைத்தாள்.

அன்று மாலையும் பிள்ளைகள் பழம் பொறுக்கினார்கள். “இனி ஏன்?” என்று ஒருவருங் கேட்கவில்லை.

திரும்பும் வழியில் நாவற்குழிப் பாலம் வந்தபோது நாம் கண்களை மூடவில்லை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, “இதுதான் அந்தப் பாலம்” என்று காட்டினோம். அவள் பின்கண்ணாடி வழியாக, பாலம் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிருலப்பனைக்கு வந்து சேர்ந்த மறுநாள் மாலை, கால்வாய்க்கரை ஒழுங்கையிலே மெலிந்த தெருநாய் ஒன்று மகளின் பின்னே வந்தது. அதற்குப் பாண் வாங்கிப் போடலாமா என்று கேட்டாள். முன்னைய நாட்களாயின் யோசியாமல் ஓம் என்றிருப்போம். அன்று சிறிது நின்று, “நாளைக்கும் வைப்பாய் என்றால் இன்றைக்கு வை” என்றோம்.

மகள் யோசித்தாள். பள்ளிக்கூட நாட்களில் எப்பொழுது வைப்பது, மழை நாளிலே எங்கே வைப்பது, நாம் ஊருக்குப் போனால் யார் வைப்பது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். கீழ்வீட்டு அம்மையாரிடம் போய்ப் பேசிவிட்டு வந்தாள். விசர்நோய்த் தடுப்பூசி போடுவதற்கு எங்கே கொண்டுபோக வேண்டும் என்று விசாரித்தாள். இவையெல்லாம் முடிந்த பின்னர்தான் பாண் வாங்கினாள்.

அந்த நாய்க்கு அவள் இன்னும் ஒரு சொல்லும் பழக்கவில்லை. மாலை ஐந்து மணிக்கு அவள் கீழே இறங்குகிறாள். அது அங்கே நிற்கிறது.